திறந்தவன் குற்றம்

பிரேக் நிப்பிள் காரின் ஓட்டத்தில் பங்கு எதுவும் இல்லாத உறுப்பு. சக்கரத்துக்குப் பின்புறம் வீல் சிலிண்டரில் முடுக்கப்பட்டிருக்கும் சிறிய திருகு அது, நடுவில் துளை. அதன் கூம்பு முனை உள்ளே ஒரு பள்ளத்தில் அழுந்தி ஆயிலை அடைத்துக்கொண்டிருக்கிறது. திறப்பதற்கென்றே செய்யப்பட்டது. திறக்காத வரையில் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

திறந்துதான் ஆகவேண்டும். பிரேக் ஆயில் அமுங்காது. காலின் அழுத்தத்தை அப்படியே சக்கரத்திடம் சேர்க்கும். காற்று அமுங்கும். குழாயில் குமிழ் நின்றுவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆயிலோ வருஷக் கணக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் வஸ்து. டாட் 3 வகை ஆயில் புதிதில் 205 டிகிரிவரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பே 140தான். மலை இறக்கத்தில் பிரேக்கின் சூட்டில் அது கொதித்தால் ஆவி. ஆவியும் அமுங்கும்.

1996இல் தூத்துக்குடியில், கொடைக்கானல் போவதற்கு முன் என் 1984 மாடல் அம்பாஸடரை ஒரு பட்டறையில் விட்டேன். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றேன். பதினைந்து வயதிருக்கும், ஒரு பையன் வண்டிக்கடியில் போனான். பின்பக்க நிப்பிள் அசையவில்லை. ஸ்பானரில் ஒரு பைப்பைச் செருகி அழுத்தினான். தலை முறிந்து கையோடு வந்துவிட்டது.

“நல்லா இருந்த வண்டிய ஒடச்சிட்டானே” என்றேன். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. சிலிண்டர் விலையைப் பையனின் வாரக்கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். மறுநாள் கொடைக்கானல் போய்வந்தோம்.

‘நல்லா இருந்த’ என்ற அந்தச் சொற்களைத்தான் இத்தனை காலமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நிப்பிளின் ரப்பர் மூடி எப்போதோ விழுந்துபோயிருந்தது. பன்னிரண்டு வருஷக் கடற்காற்றும் மழைத் தண்ணீரும் துளைக்குள்ளும் மறைக்குள்ளும் இறங்கியிருந்தன. துளையிட்ட எஃகு, சுவர் மெல்லியது. முறிவு வெகுநாளாக நடந்துகொண்டிருந்தது. பையன் அதன் கடைசிக் கணத்தில் வந்து சேர்ந்தவன்.

அவனிடம் தவறே இல்லை என்றும் சொல்லமாட்டேன். முதல் நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கவேண்டும், சூடு காட்டியிருக்கவேண்டும், ஆறுமுகமும் பிடிக்கிற ரிங் ஸ்பானர் போட்டு, முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு நூலளவு அசைத்துப் பார்த்திருக்கவேண்டும். அதற்கு ஒரு ராத்திரி வேண்டும். அந்த ராத்திரியை எடுத்துக்கொண்டவன் நான்.

இன்னொன்று. தலை முறிந்த பிறகும் ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. அடைப்பது கூம்பு முனைதான், மறை அல்ல. முனை தன் பள்ளத்தில் அப்படியே இருந்தது. வண்டி காலையில் நின்றதுபோலவே அப்போதும் நின்றிருக்கும். அப்படியானால் என்னதான் உடைந்தது? உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது என்ற சௌகரியம் உடைந்தது. என் கோபம் அதற்காக என்றே படுகிறது. (இதற்கு இருத்தலியல் என்று பெயர் சூட்டி மேலே மேலே எழுதிக்கொண்டு போகலாம். அந்தப் பையனின் கூலி அதில் காணாமல் போய்விடும்.)

எல்லாவற்றையும் திறந்து பார்த்துக்கொண்டே யாரும் வாழமுடியாது. அறியாமை எல்லாமே குற்றமும் அல்ல. ஆனால் திறக்கும் வழி கையெட்டும் தூரத்தில் இருந்து, அதைத் துருப்பிடிக்க விட்டவனின் அறியாமை வேறு வகை. அது அவனே பராமரித்து வைத்திருப்பது. கேள்வி வரும்போதோ, அகப்படுபவன் திறந்தவன். பத்து வருஷம் தொடாமல் இருந்தவனின் கையில் கறை எதுவும் இல்லை.

அம்பாஸடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. என் வண்டி நிற்கவில்லை. போன மாதம் நானே அடியில் படுத்தேன். மூன்று ராத்திரி எண்ணெய் விட்டிருந்தேன். மூன்று நிப்பிள்கள் வந்தன. நான்காவது முறிந்தது. மேலே பெடலில் பேரன்.

“ஒடஞ்சிருச்சா தாத்தா?”

“அது எப்பவோ ஒடஞ்சதுப்பா” என்றேன், யோசிக்காமல்.

அந்தப் பையனுக்கு நான் தராத வாக்கியம் எனக்கென்று வரும்போது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவன் பெயரை நான் அன்று கேட்கவே இல்லை. பட்டறையும் இப்போது அங்கே இல்லை.

கடைக்குப் போய்ப் புது சிலிண்டர் வாங்கினேன். நிப்பிளின் மேல் ரப்பர் மூடி இருக்கிறதா என்று கடையில் வைத்தே பிரித்துப் பார்த்தேன்.