முதல் நாளே ஒரு பொய் தேவையா?

திருவாரூர் மாவட்டம், பூந்தோட்டம் அருகே கூத்தனூரில் தனிக்கோயில் கொண்டு அருள்கிறாள் சரஸ்வதி தேவி. விஜயதசமி அன்று அங்கே பிள்ளைகளை மடியில் இருத்தி, பிஞ்சு விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பார்கள். வீட்டில் செய்பவர்கள் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி எழுத வைப்பதுண்டு.

இப்படிப் பக்தியோடு ஆரம்பித்த படிப்பு, பள்ளிக்கூட வாசலில் என்ன ஆகிறது? குழந்தை புடவைத் தலைப்பை விடாமல் அழுகிறது. 'அம்மா இங்கேயேதான் இருப்பேன்' என்கிறோம். அது அந்தப் பக்கம் திரும்பியதும் நழுவி விடுகிறோம்!

'நல்லதுக்குத்தானே சொன்னேன்' என்பீர்கள். குற்றமில்லாத நன்மை கிடைக்குமானால் பொய்க்கும் இடமுண்டு என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். நன்மை குற்றமில்லாததாக இருக்க வேண்டும். திரும்பிப் பார்த்த குழந்தை, அம்மாவைக் காணாமல் தவிக்கிறதே! மறுநாள் இன்னும் இறுக்கமாக அல்லவா கையைப் பிடித்துக்கொள்கிறது! அன்றைக்கு நமக்கு வேலை சுலபமாயிற்று. குழந்தைக்கோ நம் வார்த்தையின் மேல் இருந்த நம்பிக்கை போயிற்று.

தைத்திரீய உபநிஷதத்தில், வேதம் ஓதி முடித்த மாணவனுக்கு குரு உபதேசம் செய்கிறார். அதில் முதலில் வருவது சத்தியம்தான். படிப்பை முடிக்கும்போது சொல்லும் பாடத்துக்கு, படிப்பைத் தொடங்கும் நாளிலேயே நாம் விரோதம் செய்யலாமா?

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே பழக்குங்கள். பாட்டியிடமோ பக்கத்து வீட்டு மாமியிடமோ விட்டு, 'கடைக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டே கிளம்புங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள். டிபன் டப்பாவைத் தானே திறந்து சாப்பிடவும், ஒன்றுக்கு வந்தால் டீச்சரிடம் சொல்லவும் கற்றுக்கொடுங்கள். தினமும் விளக்கேற்றும்போது, 'சரஸ்வதி அம்மா உன் கூடவே இருப்பாள்' என்று சொல்லுங்கள். அது பொய்யில்லையே!

முதல் நாள் வாசலில், 'நீ சாப்பிட்டு, பாட்டுப் பாடி முடித்ததும் அம்மா இங்கே நிற்பேன்' என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு நகருங்கள். குழந்தை அழத்தான் செய்யும். அழட்டும், ஏமாறக் கூடாது. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே போய் நின்றுவிடுங்கள்.