கொக்கு மடிக்கும்போது யாரை எண்ணுகிறோம்?

காகிதத்தில் விலங்கு செய்யச் சொல்லிக்கொடுக்கும்போது நான் எப்போதும் நாயிலிருந்துதான் தொடங்குவேன். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். இரண்டு ஓரங்களையும் கீழே மடித்துவிட்டால் காது. கண்ணையும் மூக்கையும் பேனாவால் வரைந்துகொள்ளலாம். அடுத்து மீன். அதற்கடுத்து, பின்பக்கம் விரலால் அழுத்தினால் தாவுகிற தவளை. இவை எதற்கும் யாரும் கதை கேட்பதில்லை. கொக்குக்கு வரும்போதுதான் கூடவே ஒரு கதையும் வந்துவிடுகிறது.

பலருக்கும் தெரிந்த கதைதான். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு இரண்டு வயது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பி, மருந்து சுற்றிவந்த தாளைக்கூட விடாமல் மடித்தாள். 1955 அக்டோபர் 25 அன்று பன்னிரண்டு வயதில் இறந்தாள். 1958-இல் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் அவள் நினைவை ஒட்டிச் சிறுவர்களுக்கான சின்னம் எழுந்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் இன்றுவரை அங்கே காகிதக் கொக்குகள் வந்து குவிகின்றன.

லிட்டில் இந்தியாவில் ஒரு புளோக்கின் வாய்ட் டெக்கில், கல்மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் ஒருநாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொரு வயதுப் பையன் ஒருவன் குறுக்கே கேட்டான்: "ஆண்ட்டி, ஜப்பான்காரங்கதானே சிங்கப்பூரைப் பிடிச்சாங்க? ஸ்கூல்ல சொன்னாங்களே. அப்புறம் ஏன் அவங்களுக்காக நாம சோகமா இருக்கணும்?" முழுமைத் தற்காப்பு தினத்தை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15 அன்று கடைப்பிடிக்கிற ஊர் இது. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்த நாள் அது. பையன் கேட்டது நியாயம்தான்.

நான் பதில் சொல்வதற்குள், பக்கத்து மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எங்க பெரியப்பாவ சயாமுக்கு ரயில் போடக் கூட்டிட்டுப் போனாங்க தம்பி. போனவருதான்." அதற்கு மேல் அவர் பேசவில்லை.

பையன் கேட்டது ஒன்று, பெரியவர் சொன்னது வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பையனின் கேள்வி. கொக்கு "அவங்களோடது"தானா? ஓரளவுக்கு ஆமாம். 1797-இல் ஜப்பானில் வெளியான ஒரு நூலே, ஒரே தாளில் ஒன்றோடொன்று ஒட்டிய பல கொக்குகளை மடிக்கும் விதத்தைச் சொல்கிறது. ஆனால் தாள் மடிப்பது ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. சென்னையில் 1893-இல் த. சுந்தர ராவ் தாள் மடிப்பைக் கொண்டே வடிவியலை விளக்கும் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதற்கு விதை, ஜெர்மானியரான ஃபுரோபெல் உருவாக்கிய மழலையர் கல்விமுறையில் இருந்த தாள் மடிப்புப் பயிற்சி. நம் ஊர் மழைத்தண்ணீரில் விட்ட கத்திக்கப்பலுக்கு யாரும் காப்புரிமை கேட்டதில்லை. கொக்கின் வடிவம் போருக்கு மிகவும் மூத்தது; போரின் கணக்கை அதன் தலையில் எழுதுவதில் அர்த்தமில்லை.

சடாகோவின் தலையிலும் எழுத முடியாது. அவள் பிறந்தது 1943 ஜனவரி 7. சயாம் காட்டில் அந்த ரயில்பாதையைப் போட்டுக்கொண்டிருந்த நேரம். பெரியவரின் பெரியப்பா மண் சுமந்தபோது அவள் கைக்குழந்தை. அவளுக்காக வருத்தப்படுவதால் நம் பக்கத்துத் துக்கத்தில் ஒரு துளியும் குறைந்துவிடாது. துக்கம் ரேஷன் அரிசி அல்ல, இன்னாருக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பதற்கு. பையனிடம் இதை வேறு சொற்களில் சொன்னேன். ஒத்துக்கொண்டானா தெரியாது, ஆனால் மடிப்பதைத் தொடர்ந்தான்.

பெரியவர் சொன்னதுதான் என்னை விடவில்லை. சடாகோவின் பெயர், வயது, பிறந்த தேதி, நோய் எல்லாம் நமக்குத் தெரியும். சயாமுக்குப் போனவரைப் பற்றி "போனவருதான்" என்பதைத் தவிர வேறென்ன தெரியும்?

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 13,000 பேர் அங்கே இறந்தார்கள். கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆசியர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று பலரும் அதில் உண்டு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆசியத் தொழிலாளர்களுக்கான மதிப்பீட்டில் கீழெண்ணுக்கும் மேலெண்ணுக்கும் இடையே 20,000 பேர். இறந்த போர்க்கைதிகளின் மொத்த எண்ணிக்கையைவிட அந்த இடைவெளியே பெரியது. 20,000 பேர் இருந்தார்களா இல்லையா என்பதே சந்தேகமாகிவிடும் அளவுக்கு நம் ஆட்கள் எண்ணப்படாமல் போயிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் காகிதம். போர்க்கைதிகளிடம் படை அமைப்பு இருந்தது, அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாகக் குறிப்புகளை எழுதி ஒளித்து வைத்தார்கள். அதனால்தான் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாக இடம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்குப் பட்டியல் எழுத அப்படி ஓர் அமைப்பு கிடையாது. காலராவில் விழுந்தவர்களை ஒரே குழியில் தள்ளி மூடியபோது, பெயர்களும் அதோடு போயின. பின்னாளில் அ. ரெங்கசாமி, ஆர். சண்முகம் போன்ற மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் நாவல்களில் அந்த வாழ்வை மீட்டார்கள். ஆனால் நாவலால் பெயர்ப்பட்டியல் தர முடியாதே.

பீச் ரோட்டில் நான்கு தூண்களாக உயர்ந்து நிற்கிற நினைவுச்சின்னத்தைப் பலமுறை கடந்திருப்பீர்கள். ஒரு தூண் இந்தியர்களுக்கு. அதன் அடியில் இருப்பவை சிங்கப்பூர் மண்ணில் தோண்டி எடுத்தவர்களின் எலும்புகள். சயாமில் விழுந்தவர்கள் அங்கும் இல்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஹிரோஷிமா குண்டில் ஆயிரக்கணக்கான கொரியர்களும் இறந்தார்கள். ஜப்பானின் காலனியாக இருந்த நாட்டிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் அதில் உண்டு. அவர்களுக்காக 1970-இல் எழுந்த நினைவுச்சின்னம் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. உள்ளே இடம் கிடைத்தது 1999-இல். உலகமே கொக்கு அனுப்புகிற இடத்திலும் கூலிகள் வாசலில் காத்திருந்தார்கள்.

சடாகோவின் எண்ணிக்கைகூட மாற்றப்பட்டது. 1977-இல் வந்து உலகெங்கும் பரவிய சிறுவர் நூலில் அவள் 644 கொக்குகளோடு நின்றுவிடுகிறாள், மீதியைத் தோழிகள் மடிக்கிறார்கள். அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள் என்று குடும்பத்தினர் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் முடித்தும் செத்துப்போனாள் என்பதைவிட முடிக்காமல் செத்தாள் என்பது கேட்பவர் மனசுக்குச் சுலபம்போல. கதை நன்றாக வரவேண்டும் என்று நாம் இறந்தவர்களின் கணக்கில் கை வைக்கிறோம்.

ஆகவே கொக்கில் நான் மதிப்பது அதன் கதையை அல்ல, அதன் எண்ணிக்கையை. ஆயிரம் என்று வாயால் சொல்ல ஒரு நொடி போதும். ஆயிரம் மடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்தே ஆகவேண்டும், எதையும் தாண்டிப்போக முடியாது. எனக்கு ஒரு கொக்குக்கு மூன்று நிமிடம் ஆகும். 80,000 பேருக்கு ஆளுக்கொன்று என்றால் 4,000 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 500 நாள். ரயில்பாதையையே அதைவிடக் குறைந்த நாட்களில் போட்டு முடித்துவிட்டார்கள். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் 80,000 என்ற எண் எனக்கு உறைத்தது.

"சரி, மடிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கலாம். உண்மைதான். மடிப்பது நம் மனசுக்கு ஆறுதல், இறந்தவருக்கு அதனால் ஒன்றுமில்லை. அழகாக ஒரு மாலை கட்டி எங்காவது தொங்கவிட்டு, படம் பிடித்துப் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று எழுந்து போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. எண்ணப்படாதவர்களுக்குக் குறைவது பறவை அல்ல, பட்டியல்.

உங்களில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் உண்டு. அடுத்த தீபாவளிக்குப் பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது முறுக்கு சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். சயாமுக்கு யாராவது போனார்களா என்று கேளுங்கள். பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த வருஷம், திரும்பி வந்தாரா. அந்தப் பெயரைக் கேட்டிருக்கிற கடைசித் தலைமுறை இப்போது எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கிடைத்ததை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். அந்தத் தாளை மடிக்க வேண்டாம்.