விவாக பந்தமும் சத்தியமும்

பல வருஷங்கள் உள்ளுக்குள்ளேயே மறுகிய பிறகு ஒருவர் வாய் திறந்து, "இந்தப் பந்தத்தை அறுத்துக்கொள்வது பாபமா?" என்று கேட்கும்போது, சுற்றத்தார் அளிக்கும் விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. அக்கினி சாட்சியாக ஏழடி நடந்து ஏற்றதை மனிதர் அவிழ்க்கலாகாது என்பார் ஒரு சாரார். மனம் ஒவ்வாத இடத்தில் ஒரு கணமும் தங்க வேண்டியதில்லை என்பார் மற்றொரு சாரார். முன்னவர் கேட்டவருடைய துயரத்தை எண்ணுவதில்லை. பின்னவர் அவர் கொடுத்த வாக்கை எண்ணுவதில்லை. துயரமும் வாக்கும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று விடாமல் பற்றி நிற்பதால்தானே அவர் நம்மிடம் வந்து கேட்கிறார்!

பிரிவுக்கு நம் தர்மத்தில் இடமே இல்லை என்பது சரித்திரத்துக்குப் பொருந்தாது. கௌடிலியர் தம் அர்த்தசாஸ்திரத்தில், தர்ம விவாகங்கள் எனப்பட்ட முதல் நான்கு வகைகளுக்கு விடுதலை இல்லையென்று விலக்கினாலும், ஏனையவற்றில் இருவருக்கும் பரஸ்பர துவேஷம் மூண்டுவிட்டால் பிரிவு உண்டென்று விதித்திருக்கிறார். பராசர ஸ்மிருதி, கணவன் காணாமற்போதல், துறவு பூணுதல் முதலான ஐந்து ஆபத்துக்களில் ஸ்திரீக்கு மறுவிவாகத்தை அனுமதிக்கிறது. ஏட்டுக்கு வெளியே, தமிழ்நாட்டுச் சமூகங்கள் பலவற்றில் ஊர்ப் பஞ்சாயத்தின் முன் தீர்த்துக்கொள்வதும், பின்னர் அந்தப் பெண் அறுத்துக் கட்டுவதும் நெடுங்கால வழக்கம். 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம் விவாகரத்துக்கு வழி வகுத்தபோது, அத்தகைய வழக்கங்களையும் தன் 29-ஆம் பிரிவால் காத்து வைத்தது. ஆகவே, அவிழ்க்கலாகாது என்ற குரல் சில குலங்களின் ஆசாரத்திலிருந்து எழுந்ததே தவிர, ஹிந்து சமயம் முழுவதும் கூடி விதித்ததன்று.

ஆயினும், அனுமதி உண்டு என்பதனால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. பொதுவில் தகும் என்று சொல்லப்பட்ட செயல், இன்று, இந்த வீட்டில், எனக்குத் தகுமா என்பதை ஸ்மிருதியோ சட்டமோ சொல்லித் தர இயலாது. அதற்கு விடை தேடும்போதெல்லாம் நான் சேக்கிழாரிடமே செல்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பெரியபுராணத்தில், குலைந்த இல்லறங்கள் இரண்டைக் காணலாம்.

தில்லையில் அடியார்க்குத் திருவோடு அளித்து வாழ்ந்த குயவனாராகிய திருநீலகண்டர் பரத்தை வீட்டுக்குச் சென்று திரும்பியபோது, அவர் மனைவியார் வீட்டுக் காரியங்கள் ஒன்றிலும் குறை வைக்காமல், ஆனால் தம்மைத் தீண்டலாகாதென்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். 'என்னை' என்னாமல் 'எம்மை' என்று அவர் சொன்னதனால், மற்றப் பெண்களையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று கணவர் உறுதி பூண்டார். ஒரே வீட்டில், ஊரறியாமல், இளமை கழிந்து முதுமை எய்தும்வரை அந்த ஆணை நின்றது. சிவபெருமான் யோகியாக வந்து, தாம் கொடுத்துவைத்த ஓடு காணாமற்போன வழக்கைத் தில்லைவாழ் அந்தணர் முன் வைத்து, மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யும்படி நெருக்கிய பிறகுதான், இருவரும் ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பிடித்தபடி கரையில் நிற்க, அதுவரை மறைத்திருந்த காரணம் ஊர் கேட்க வெளிப்பட்டது. மூழ்கியெழுந்தபோது இளமை திரும்பியது என்கிறது புராணம். அற்புதத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். உண்மையைச் சொன்ன பிறகே அற்புதம் நிகழ்ந்தது என்பதை எவரும் காணலாம்.

காரைக்காலில் நடந்தது வேறு. இறைவனருளால் கையில் மாங்கனி வந்த அற்புதத்தைக் கண்ட பரமதத்தன் தன் மனைவி புனிதவதியாரைத் தெய்வமென்று அஞ்சினான். அஞ்சியதை அவரிடம் சொல்லவில்லை. வாணிபத்துக்கென்று கப்பலேறி, பாண்டிய நாட்டுப் பட்டினமொன்றில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே இட்டு வாழ்ந்திருந்தான். அவரோ ஒன்றும் அறியாமல், அவன் வருவான் என்று வீட்டைப் பேணிக்கொண்டிருந்தார். உறவினர் அவரைப் பல்லக்கில் அழைத்துச் சென்றபோது அவன் குடும்பத்தோடு காலில் விழுந்தான். அவனுடைய பக்தியை நான் ஐயுறவில்லை; ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு பெண்ணின் வருஷங்களை எடுத்துக்கொண்டது பெரும் அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உண்மை தெரிந்த அந்தக் கணத்தில் அம்மையார் அழவுமில்லை, இருக்கும்படி இரக்கவுமில்லை. அவனுக்காகத் தாங்கிய வனப்பை இறைவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம் வழியே சென்றார். அவரைச் சைவ உலகம் கணவனைத் துறந்தவள் என்று பழிக்கவில்லை. அறுபத்துமூவருள் ஒருவராக வைத்து வணங்குகிறது.

சேர்ந்த தம்பதியையும் பிரிந்த தம்பதியையும் ஒரே நூல் போற்றுகிறதென்றால், அது போற்றுவது பந்தத்தையும் அன்று, பிரிவையும் அன்று, உண்மையையே என்று நான் கொள்கிறேன். ஆகையால் தீர்மானிக்க வேண்டியவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எனக்கு இங்கே சுகம் உண்டா என்பதைக் காட்டிலும், எங்களுக்குள் உண்மை பேச இன்னும் இடம் உண்டா என்பதே. அவ்விடம் இருக்கும்வரை, எவ்வளவு கசப்பு மண்டியிருந்தாலும், பேசிப் பார்க்கக் கடமை உண்டு. நாள்தோறும் பொய்யாக நடித்தாலன்றி இருக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டால், குழந்தைகளை முன்னிட்டுத் தங்குவதாகச் சொல்வதும் அந்தப் பொய்யில் ஒரு பகுதியாகிவிடக்கூடும்; வீட்டின் மௌனத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளே முதலில் அறிகிறார்கள்.

அடியும் உதையும் உள்ள இடத்தில் இந்த விசாரணைக்கே இடமில்லை. அங்கிருந்து முதலில் வெளியேற வேண்டும். தர்ம விசாரம் பிறகு.

ஹிந்து விவாகச் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட பரஸ்பர சம்மத விவாகரத்துப் பிரிவு, மனுச் செய்த பின்னும் ஆறு மாதம் பொறுத்திருக்கச் சொல்கிறது; தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தளர்த்தவும் செய்யலாம். தளர்த்தும்படி கேட்கும் முன்னர், அந்த ஆறு மாதத்தில் ஒரு நாளேனும், வக்கீல்களும் உறவினர்களும் இல்லாமல், இருவரும் எதிரெதிரே அமர்ந்து, இதுவரை சொல்லாததைச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும், அதைப் பாபம் என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் கிடையாது.