கிளை அலுவலகமும் சொந்த புத்தியும்

1985-ஆம் ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க ஸ்தாபனம் பெங்களூரில் தன் வடிவமைப்புக் கூடத்தைத் திறந்தபோது, செயற்கைக்கோள் வழியே தாய்நாட்டு அலுவலகத்தோடு தொடர்பு கொள்வதற்கான பெரிய ஆன்டெனாவை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்பது, அந்நகரத்துப் பொறியாளர்கள் இன்றும் ஆசையோடு சொல்லும் விருத்தாந்தம். அதைத் தொடர்ந்து அங்கும் ஐதராபாத்திலும் சென்னையிலும் கிளை பரப்பிய அந்நியக் கம்பெனிகள் அநேகம். அவற்றில் ஒன்றில்தான் நானும் ஜீவனம் நடத்துகிறேன். சம்பளத்துக்கோ சௌகரியத்துக்கோ குறைவில்லை. ஆயினும், எதைச் செய்வது என்பதைக் கடல் கடந்து பிறர் தீர்மானிக்க, எப்படிச் செய்வது என்பதை மட்டும் தீர்மானிக்கும் ஒருவன், அந்த வேலையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

கலிபோர்னியாவில் காலை எட்டு மணிக்கு அவர்கள் கூட்டம் கூட்டினால் நமக்கு இரவு எட்டரை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைத்ததும், கடிகாரத்தையே தொடாத நம் வீட்டில் கூட்டம் ஒன்பதரைக்குப் போய், சாப்பாட்டு வேளையும் குழந்தையைத் தூங்கவைக்கும் வேளையும் அதற்குத் தக்கபடி புரள்கின்றன. மார்ச் மாதத்தில் எல்லாம் பழையபடி திரும்புகின்றன. இது அற்பமான அசௌகரியம், பழகிவிடும். பழகக் கூடாதது வேறொன்று இருக்கிறது.

அத்தகைய கூட்டமொன்றில், எங்கள் குழு வெகுகாலம் பாடுபட்டு உருவாக்கிவந்த மென்பொருளைக் கைவிடுவதாகத் தலைமையகம் முடிவு செய்திருப்பதை ஒரு மேலதிகாரி இனிமையாகவே அறிவித்தார். கூட்டம் கலைந்ததும் நண்பர் ஒருவர், "விடுங்க, அது அவங்க முடிவு, நமக்கென்ன வந்தது?" என்றார். அந்தக் குரலில் துக்கத்தைக் காட்டிலும் நிம்மதியே மிகுந்திருந்தது. தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாதது குறையென்றால், தீர்மானிக்கும் சிரமம் நீங்கியது சுகம்; அந்தச் சுகந்தான் ஆபத்து.

இதற்குக் கீதையைத் துணைக்கு அழைப்பவர் உண்டு. பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்கிறது, வாஸ்தவந்தான்; செய்யும் காரியம் தக்கதா என்று ஆராயாதே என்று அது சொல்லவில்லை. அத்தனை உபதேசத்துக்கும் பிறகு, நன்றாக யோசித்து உன் இஷ்டப்படி செய் என்று அர்ஜுனனிடமே முடிவை விட்டுவிட்டான் கண்ணன்.

மேலும், தூரத்தில் இருப்பவனுக்கென்று ஒரு ஞானம் உண்டு. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே செல்லவொட்டாத படிவத்தைத் தலைமையகத்தில் வரைகிறவருக்கு அதில் பிழையொன்றும் தோன்றாது. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே போட்டுக்கொள்ளும் தமிழனுக்கோ, முதல் பார்வையிலேயே அது உறுத்தும். உறுத்தியதைச் சொல்லாமல், கேட்டபடி கட்டத்தைப் போட்டுக் கொடுப்பவன் கைத்திறனை விற்கிறான், புத்தியை உறங்கவிடுகிறான்.

சொன்னால் முடிவு மாறிவிடுமா? பெரும்பாலும் மாறாது. ஆனால் பகல் முழுவதும் அபிப்பிராயமின்றி இருக்கப் பழகியவன், மாலையில் வீட்டு விவகாரத்திலும் ஊர்ப் பொதுக்காரியத்திலும் திடீரென்று விவேகியாகிவிடுவதில்லை. ஆகையால், 'ஏன்' என்று மரியாதையோடு கேட்பதையும், என் அபிப்பிராயத்தை எழுத்தில் வைப்பதையும் கம்பெனிக்குச் செய்யும் உபகாரமாக அல்ல, என் புத்தி துருப்பிடிக்காமல் காக்கும் நித்திய அனுஷ்டானமாகவே கொண்டிருக்கிறேன்.