மூன்றாவது இருக்கை

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர், காருக்கு முன்னால் காரணத்தைத் தேடுகிறார். "தினமும் ஆபீசுக்கு ஓட்டலாம், டிக்கியில் பை வைக்கலாம், ரிப்பேர் செலவும் அதிகமில்லை" என்று பட்டியல் நீளும். ஆசைக்குத் தேவையின் சட்டையை மாட்டிவிடுகிறோம்.

இந்தப் பட்டியலுக்கு வலுச் சேர்த்த கார் ஹோண்டா என்எஸ்எக்ஸ். 1990-இல் விற்பனைக்கு வந்தது. அலுமினிய உடல், ஓட்டுநருக்குப் பின்னால் வி6 எஞ்சின். அதுவரை இந்த வகைக் கார் என்றாலே கனத்த கிளட்ச், சரியாகத் தெரியாத பின்பக்கம், அடிக்கடி மக்கர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே பேச்சு. ஹோண்டா பொறியாளர்கள் அந்தப் பொறுமையை நம்மிடம் கேட்கவில்லை. சுற்றிலும் நன்றாகத் தெரியும், காலையில் சாதுவாக ஸ்டார்ட் ஆகும். இன்பம் தரும் பொருள் நம்மை வதைக்க வேண்டியதில்லை என்று காட்டினார்கள்.

ஆனாலும் அதில் இருக்கை இரண்டுதான். போர்ஷே 911-இல் பின்னால் இரண்டு குட்டி இருக்கைகள் உண்டு. குழந்தைகள் உட்காரலாம், பெரியவர்களுக்குக் கஷ்டம். கிளட்சையும் டிக்கியையும் எஞ்சினியர் சரிசெய்துவிடுவார். யாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது என்பதை நாம்தான் முடிவு செய்யணும்.

"பிடிச்சிருக்கு, அதனால வாங்குறேன்" என்பது நேர்மையான வாக்கியம். அதில் குற்றமில்லை. தேவை என்று சொல்லிவிட்டால் வீட்டில் எதிர்க்கேள்விக்கு இடமில்லை. ஆசை என்று ஒத்துக்கொண்டால், "அப்போ அம்மா எதுல வருவாங்க?" என்று ஒருத்தர் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லிவிட்டு வாங்குகிறவர், தாராளமாகத் தினமும் ஓட்டட்டும்.