'நான்' டிரேசபிள்

பத்திர ஆபீஸ் வாசலில்தான் 'டிரேசபிள்' என்ற ஆங்கிலச் சொல் நம் பக்கத்து ஜனங்கள் காதில் விழுகிறது. அதுவும் தனியாக வராது. "மூலப்பத்திரம் தொலைஞ்சிருச்சுங்களா? ஸ்டேஷன்ல நான்-டிரேசபிள் வாங்கிட்டு வாங்க" என்பார் பத்திரம் எழுதுகிறவர். புகார் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, தேடியும் கிடைக்கவில்லை என்று போலீசார் தரும் சான்றிதழ் அது. இல்லாததற்கும் ஒரு தாள்!

தடத்தைப் பிடித்தபடியே பின்னால் போய், புறப்பட்ட இடத்தை எட்ட முடிந்தால் அது டிரேசபிள். பொருளுக்கும் சொல்லலாம், காரணத்துக்கும் சொல்லலாம். இன்றைய வயிற்றுவலி நேற்றைய பரோட்டாவில் போய் நிற்பதுபோல. நம் பெரியவர்களோ நதிமூலம், ரிஷிமூலம் பார்க்காதே என்று சொல்லிவிட்டார்கள்.

ஜவ்வரிசிமூலம் பார்க்கலாம், தப்பில்லை. 'சேலம் ஜவ்வரிசி' 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆத்தூர்ப் பக்கம் ஆலைக் களத்தில் வெள்ளை மணிகள் காய்வதைப் பார்த்தால் இந்த மண்ணிலேயே பிறந்ததாகத் தோன்றும். ஆனால் அந்த மணிகளுக்கு மாவு தரும் மரவள்ளிக் கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஜவ்வரிசிக்கு வழங்கும் 'சாகு' என்ற பெயரும் மலாய்ச் சொல். மலேயாவில் அது ஒரு பனையின் தண்டிலிருந்து எடுக்கிற மாவு. இரண்டாம் உலகப் போரில் மலேயாச் சரக்கு நின்றுபோக, சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் 1943 வாக்கில் கிழங்கு மாவிலேயே மணி உருட்டத் தொடங்கினார். அப்படியானால் குறியீடு பொய்யா? எனக்கு அப்படிப் படவில்லை. கிழங்கு எங்கிருந்தும் வரட்டும், சேலத்துக் கை பட்டது இங்கேதான். அந்தக் கைக்குப் பெயரும் இருக்கிறது.

மளிகைக் கடையில் வாய் சுருட்டிய மூட்டையைப் பாருங்கள். சாக்கின் மேல் ஆலையின் பெயர் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததும் தடம் அறுந்துவிடும். மணி அதேதான், யார் கொடுத்தார் என்பது மட்டும் போய்விட்டது. நிலம் அப்படியில்லை. பத்திரத்தில் "நான் விற்றேன், நான் வாங்கினேன்" என்று கைமாறும்போதெல்லாம் ஒருவர் கையெழுத்துப் போட்டதால்தான் நிலத்துக்கு மூலம் உண்டு. ஆங்கில 'நான்' தடத்தை அழிக்கிறது, தமிழ் 'நான்' தடம் பதிக்கிறது.

வீட்டுப் பெட்டியில் மூலப்பத்திரம் இருந்தால் இந்த வாரமே நகல் எடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். யாரிடம் வாங்கிய நிலம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.