இரண்டு பூ ஆயுள்

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பேருந்தில், முன் இருக்கைச் சிறுமி கேட்டாள்: "ஸ்டேஷன்னா ரயில் எங்க தாத்தா?" "வெள்ளம் கொண்டுபோயிருச்சு தாயி" என்றார் பெரியவர்.

1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டியாகத் தொடங்கியது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். 1908இல் இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சின் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தன. அந்தத் தேயிலையைக் கிள்ளிய நம் சனங்களோ அதே மலையைக் கால்நடையாக ஏறி வந்தவர்கள். 1924 ஜூலையில் பெருமழை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். பாதையும் பாலங்களும் போயின. திரும்ப யாரும் தண்டவாளம் போடவில்லை.

வழியில் இறங்கி ஓடையோரம் நடந்தேன். பழைய கற்கட்டு ஒன்று பாசி மூடிக் கிடந்தது. கல் இடுக்கில் பெரணி. அதன் சுருண்ட குருத்தில் ஒரு துளி நீர். கையை வைத்தேன், கல் சில்லென்றிருந்தது. ரயில் பாலத்தின் கல்தானா, தெரியாது. யாரோ தலையில் சுமந்து வந்து அடுக்கிய கல் என்பது மட்டும் நிச்சயம்.

என் அப்பா இருபது வருடம் நடத்திய அச்சகத்தை மூடிய அன்று, "எல்லாம் வீணாப் போச்சே" என்றார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. நிலைக்காத உழைப்பு வீண்தானா என்ற கேள்வி அன்றிலிருந்து கூடவே வருகிறது.

இந்த மலைகளில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடம் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை உதிர்த்துச் செத்துப்போகும். குறிஞ்சி பூத்ததை வைத்தே பளியர் பழங்குடியினர் வயதைக் கணக்கிடுவார்கள் என்பார்கள். அந்தக் கணக்கில் ரயிலின் ஆயுள் இரண்டு பூ: 1910, 1922. அந்த இரண்டு பூப்பிலும் நீலமாய்க் கிடந்த சரிவுகளைப் பார்த்துக்கொண்டே எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர் ஒருவர் இருந்திருப்பார். அவர் வாழ்ந்ததை எந்த வெள்ளம் கொண்டுபோக முடியும்? அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அச்சகத்தில் அவர் அடித்துக் கொடுத்த கல்யாணப் பத்திரிகைகளில் சேர்ந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

மூணாறு மலைகளில் கடைசியாகக் குறிஞ்சி கூட்டமாகப் பூத்தது 2018இல். அடுத்து 2030இல் பூக்கும்.